எலுமிச்சை மரத்துக்கு வந்த மன அமைதி

எலுமிச்சை மரத்துக்கு ஏதோ மனக்கவலை இருக்கிறது என்று முதலில் சொன்னவன் நாற்றுக்காரரின் மைத்துனன்தான். அவனுக்கு மரத்தைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. தாவர மனநல வாரியத்தில் வாசற்கதவைத் திறந்து மூடுகிற வேலை அவனுக்கு. ஆனால் கதவு திறக்கிறவன் காதில் உள்ளே பேசுவதெல்லாம் விழும். விழுந்ததை அக்கா வீட்டுக்கு வந்து கொட்டாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

வாரியம் பிறந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். இப்போது இயக்குநராக இருப்பவர் முன்பு ஓர் ஆய்வகத்தில் இலைகளை அரைத்துக்கொண்டிருந்தார். மனித மூளையில் சேதி கொண்டுபோகிற சரக்குகளான செரட்டோனின், டோபமின், குளூட்டமேட் எல்லாம் இலைச் சாற்றிலும் இருப்பதை ஒருநாள் பார்த்தார். இருப்பது உண்மைதான். அவருக்கு முன்பே பலர் பார்த்து எழுதி வைத்த விஷயம். புழு ஓர் இலையைக் கடித்தால் காயத்திலிருந்து குளூட்டமேட் கசியும். அந்தச் சேதி மற்ற இலைகளுக்கு ஓடும், அவை கசப்பை ஊறவைத்துக்கொண்டு தயாராக இருக்கும். மற்றவர்கள் அதோடு நின்றார்கள். இவர் நிற்கவில்லை. மூளையில் இருக்கிற சரக்கு இலையில் இருந்தால் இலைக்கு மனசு இருக்கிறது. மனசு இருந்தால் கவலை இருக்கிறது. கவலை இருந்தால் அதைக் கவனிக்க ஒரு வாரியம் வேண்டும். வாரியம் இருந்தால் அதற்கு ஓர் இயக்குநர் வேண்டும். கண்ணீரிலும் உப்பு இருக்கிறது, கொதிக்கிற உலையிலும் உப்பு இருக்கிறது. அதற்காக உலை அழுகிறது என்று யாரும் துண்டை எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. துண்டு வாங்க நிதி ஒதுக்கினால் மட்டும் ஓடுவார்கள்.

நாற்றுக்காரருக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்துகொள்ளவும் நேரமில்லை. லாரிப் பட்டறைக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் நடுவில் இருந்தது அவருடைய நாற்றங்கால். மேலே பச்சை வலை, கீழே கறுப்புப் பைகளில் வரிசையாகக் கன்றுகள், மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குப் பின்னால் அந்த எலுமிச்சை மரம். அதை யாரும் நடவில்லை. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தானாக முளைத்து, சோப்பு நீரைக் குடித்தே வளர்ந்தது. முதல் காய்ப்பில் பழத்தை அறுத்தபோது உள்ளே ஒரு விதைகூட இல்லை. தோல் மெல்லிசு, சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. மறு காய்ப்பிலும் அப்படியே. அதற்கடுத்த காய்ப்பும் அப்படியே வந்த பிறகுதான், இது தற்செயல் இல்லை, மரத்தின் குணமே இதுதான் என்று நம்பினார். பெரிய பண்ணைக்காரர்கள் வந்து பழத்தைச் சப்பிப் பார்த்துவிட்டு, கன்று தயாரானதும் முதலில் தங்களுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். அவர் தோளில் அதுவரை யாரும் தட்டியதில்லை.

விதை இல்லாத மரத்துக்கு விதையால் வாரிசு வராது. மொட்டை வெட்டி எடுத்து வேறொரு கன்றின் தண்டில் செருகிக் கட்டினால்தான் உண்டு. கத்திதான் அதற்கு மருத்துவச்சி. அந்தப் பருவத்தில்தான் முதன்முதலாக ஒரு வரிசை ஒட்டுக் கன்றுகளைக் கட்டி வைத்திருந்தார். ஒன்றுகூட இன்னும் வாசல் தாண்டவில்லை. அந்த மரத்தையும் அந்த ஒரு வரிசையையும் விட்டால் உலகத்தில் அந்த எலுமிச்சை வேறெங்கும் இல்லை. அவர் பிழைப்பு, மனைவியின் இத்தனை வருஷப் பொறுமை, எல்லாம் அதில்தான் இருந்தது.

மரத்தில் சில இலைகள் வெளுத்திருந்தன. மண்ணில் சத்துக் குறைந்தால் எலுமிச்சை வெளுக்கும். கொஞ்சம் நுண்ணூட்டம் கரைத்துத் தெளித்தால் தீர்ந்தது. அவர் தெளிக்கத்தான் இருந்தார். அந்த நேரம் பார்த்து மைத்துனன் வந்து சேர்ந்தான்.

"மாமா, மரத்தோட மொகமே சரியில்லையே."

"மரத்துக்கு ஏதுடா மொகம்?"

"எங்க ஆபீஸ்ல இருக்குன்னுதான் சொல்றாங்க. ஒரு இலையக் குடுத்துப் பாருங்க. என்ன கவலைன்னு மெஷின் சொல்லிடும். எல்லாம் இலவசம்."

மனைவி துவைத்த துணியை உதறியபடி சொன்னாள், "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நீ போய் ஒன் கதவத் தொறடா."

ஆனால் இலவசம் என்ற சொல்லுக்கு ஆளை இழுக்கிற சக்தி உண்டு. நாற்றுக்காரர் ஓர் இலையைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். அவர் வாழ்க்கையில் செய்த முட்டாள்தனங்களில் அதுவே பெரியது என்று பிற்பாடு மனைவி அடிக்கடி சொன்னாள். அவரும் மறுக்கவில்லை.

வாரிய அலுவலகத்துக்குப் போகிற நடைபாதையின் இரண்டு பக்கமும் இடுப்பளவுக்குக் காஞ்சொறி மண்டிக் கிடந்தது. உரசினால் உயிர் போகிற அரிப்பு. அதை வெட்டக் கூடாது என்று ஒரு பலகை நட்டிருந்தார்கள். காஞ்சொறியின் முள்மயிரில் நம் நரம்புகளில் இருக்கிற அதே சரக்கு நிறைய இருக்கிறதாம். ஆகவே அது மிகவும் சிந்திக்கிற செடியாம். இதன் விளைவாக வாரியத்தில் நுழைகிற ஒவ்வொருவரும் சொறிந்துகொண்டேதான் நுழைந்தார்கள். அதிகாரிகள் சொறிந்துகொண்டே கோப்பு பார்த்தார்கள். தட்டச்சு செய்யும் பெண் ஒரு கையால் தட்டினாள், ஒரு கையால் சொறிந்தாள். எல்லோரும் பழகிப்போனவர்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

இலையை வாங்கிக்கொண்ட மெலிந்த மனிதர் வாரியத்தின் இலை சேகரிப்பாளர். அவர் அதை இடுக்கியால் பிடித்து ஒரு குழாயில் போட்டு, ஓர் இயந்திரத்துக்குள் தள்ளினார். இயந்திரம் உறுமியது. பிறகு எண் அச்சடித்த ஒரு சீட்டைத் துப்பியது.

"நாப்பது முனகல்," என்றார்.

"அப்படின்னா?"

"செடியோட துயரத்த அளக்கற அளவுங்க. டைரக்டர் கண்டுபிடிச்சது. பத்துக்கு மேல போனாலே ஆபத்து." அவர் நாற்றுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "வீட்ல நீங்க எப்படி? கோவக்காரரா?"

கிள்ளி, பையில் கசங்கி, பஸ்ஸில் வெந்து வந்த இலை அது. வேறு எந்த எண் வரும்?

வாரம் முடிவதற்குள் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இலை சேகரிப்பாளர் இறங்கினார். பின்னால் கைப்பையோடு ஓர் அம்மாள் இறங்கினார். அவர் மர ஆலோசகர். முதலில் இலை சேகரிப்பாளர் மரத்தின் நாலு பக்கத்திலும் இலை கிள்ளினார். பிறகு, கிள்ளியதை மரம் எப்படித் தாங்கிக்கொண்டது என்று பார்ப்பதற்காக இன்னொரு சுற்றுக் கிள்ளினார். அந்தச் சுற்றின் பாதிப்பை அறிய மூன்றாவது சுற்று. அன்றைக்கே மனைவி அவருக்குக் கிள்ளி என்று பேர் வைத்துவிட்டாள். அப்புறம் அவருடைய சொந்தப் பேர் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஆலோசகர் அம்மாள் மரத்தின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க," என்றார். "உங்க முன்னால மனசு விட்டுப் பேச அதுக்குச் சங்கடமா இருக்கும்."

இருவரும் பட்டறைச் சுவர் ஓரமாகப் போய் நின்றார்கள். "பேசுதா?" என்று கேட்டாள் மனைவி. நாற்றுக்காரர் எட்டிப் பார்த்தார். அம்மாள் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவரின் முகம் துக்க வீட்டுக்குப் போய் வந்தவர் முகம் மாதிரி இருந்தது.

"ஒரு வார்த்தை பேசல," என்றார். "அந்த அளவுக்குப் பயந்து போயிருக்கு."

பிறகு அவர் பார்வை ஒட்டுக் கன்றுகளின் வரிசை மேல் விழுந்தது. நாற்றுக்காரர் பெருமையோடு, அவையெல்லாம் இந்த மரத்தின் மொட்டுகள், வேறு வேரில் கட்டியிருக்கிறது என்று விளக்கினார். அவர் விளக்காமல் இருந்திருக்கலாம்.

"அதாவது, தாய்கிட்டேருந்து வெட்டி எடுத்து, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் ஒடம்புல வச்சுக் கட்டிட்டீங்க. ரெண்டு பேர்கிட்டயும் கேக்கல."

"அது ஒட்டுங்க அம்மா. காலங்காலமா எல்லாரும் செய்யறதுதான்."

"கொடுமை எல்லாமே காலங்காலமா செய்யறதுதான்," என்றார் அம்மாள். நல்ல வாக்கியம். அவர் அதை ஏற்கெனவே பல இடங்களில் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று மாலையே ஒட்டுக் கன்றுகள் முழுவதையும் வண்டியில் ஏற்றி வாரியத்தின் மறுவாழ்வு இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். அது குளிரூட்டிய அறை. ஜன்னல் கிடையாது. வெளிச்சம் கண்ணை உறுத்துமாம், ஆகவே விளக்கும் மங்கல். மெல்லிய இசை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இருட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டே கன்றுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. காரணம் தாயைப் பிரிந்த ஏக்கம் என்று பதிவானது. ஒட்டுக் கத்திகள் எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார்கள். மரத்துக்கு வெட்டு என்ற பேச்சே கூடாது.

இனி மரம் ஒன்றுதான் மிச்சம். நாற்றுக்காரர் ராத்தூக்கம் இல்லாமல் புரண்டார். மரம் பிழைத்தால் அடுத்த பருவத்தில் மறுபடி மொட்டெடுத்துக் கட்டலாம். அது போய்விட்டால் தானும் போனதுபோலத்தான் என்று மனைவியிடம் வாய்விட்டே சொன்னார்.

ஜீப் அடிக்கடி வந்தது. ஒவ்வொரு தடவையும் முனகல் ஏறியது. ஏற ஏறக் கிள்ளி அதிகமாகக் கிள்ளினார். கிள்ளக் கிள்ள இன்னும் ஏறியது. நாற்றுக்காரர் மரத்தின் பக்கம் போவதுதான் காரணமாக இருக்கும் என்று கருதி, மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி அவரை வெளியே நிறுத்தினார்கள். சொந்த மரத்தை அவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். தண்ணீராவது ஊற்றட்டுமா என்று கேட்டதற்கு, தண்ணீர் ஒரு சிகிச்சை, அளவீடு முடியாமல் சிகிச்சை தொடங்கினால் புள்ளிவிவரம் கெட்டுவிடும் என்று பதில் வந்தது. வானம் குறுக்கே புகுந்து புள்ளிவிவரத்தைக் கெடுத்துவிடக் கூடாதென்று மரத்துக்கு மேலே ஒரு தார்ப்பாயும் கட்டினார்கள். மறுநாளே நல்ல மழை. நாற்றங்கால் முழுக்க நனைந்தது, அந்த ஒரு மரத்தைத் தவிர.

மரத்துக்குத் துணையாக ஓர் ஆள் வேண்டும் என்று விதியில் இருந்ததால் மைத்துனனையே நியமித்தார்கள். கயிற்றுக்குள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவன் மரத்துக்குச் செய்தித்தாள் வாசித்தான். நல்ல செய்தி மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. ஆகவே பெரும்பாலான நாட்களில் நகைக்கடை விளம்பரத்தோடு முடித்துக்கொண்டான்.

"டேய், யாரும் பாக்காதப்ப ஒரு சொம்பு தண்ணி ஊத்துடா," என்று அக்கா கெஞ்சினாள்.

"ஐயோ அக்கா, மண்ணோட ஈரத்த மெஷின் வச்சுப் பாக்கறாங்க. என் வேலை போயிடும். எனக்கு இப்பத்தான் பொண்ணு பாக்கறாங்க."

"ஒனக்குப் பொண்ணு ஒரு கேடா," என்றாள் அக்கா. அதற்கு மேல் அவள் அவனோடு பல நாள் பேசவில்லை.

மரத்தில் பாதி இலை போன பிறகு நாற்றுக்காரரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவரும் மனைவியும் காஞ்சொறி வழியாக நடந்து, சொறிந்துகொண்டே போய் நீள மேசையின் முன்னால் உட்கார்ந்தார்கள். எதிரே இயக்குநர், அவருக்கு இந்தப் பக்கம் ஆலோசகர் அம்மாள், அந்தப் பக்கம் கிள்ளி. இயக்குநர் சிவந்த சதைப்பிடிப்பான மனிதர். கழுத்துப் பக்கம் சொறிந்து சொறிந்து தோல் தடித்திருந்தது.

"பயப்படாதீங்க. உங்க மேல குற்றம் சொல்ல இது கோர்ட் இல்ல," என்றார். "குற்றம் ஏற்கெனவே முடிவாயிடுச்சு. அத நீங்க எப்படி உணர்றீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் கூப்பிட்டோம்."

நாற்றுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வீட்டிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்புப் பேச்சு ஒன்று இருந்தது. அது மறந்துபோய்விட்டது.

"ஐயா, எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. இலையக் கிள்ளினா மரத்துக்கு நோவும்னு நீங்கதானே சொல்றீங்க."

"நாங்கதான். எங்க அளவுக்கு அழுத்தமா இத வேற யாரும் சொன்னதில்ல."

"அப்ப இவரு வந்து கிள்ளக் கிள்ளத்தானே ஐயா அது ஏறுது?"

அறையில் சொறிகிற சத்தம் மட்டும் கேட்டது. கிள்ளி தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. குழந்தை கேட்ட கேள்விக்குச் சிரிப்பது போலச் சிரித்தார்.

"நல்ல கேள்வி. இதே கேள்விய எங்க ஆய்வாளர் ஒருத்தர் கேட்டார். இப்ப அவர் எங்க இருக்கார்?"

"கிடங்குல சார். காலி பாட்டில் கழுவறார்," என்றார் கிள்ளி.

"தெரியாம இல்லீங்க, எங்களுக்கும் தெரியும். கிள்ளினா ஏறும். ஆனா கிள்ளாம அளக்க முடியாது. அளக்காத துயரத்துக்கு அரசாங்கம் நிதி குடுக்காது. நிதி இல்லன்னா வாரியம் இல்ல. வாரியம் இல்லன்னா, சொல்லுங்க, இந்த மரத்துக்கு வேற யார் இருக்கா?"

"நாங்க இருக்கோம்," என்றாள் மனைவி.

இயக்குநர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "நீங்க கிள்ளினா அது கொடும. நாங்க கிள்ளினா அது அக்கறை. நீங்க ஒரு பழத்துக்காக வெட்டறீங்க, சுயநலம். நாங்க எதுக்காகவும் வெட்டறதில்ல. இதுவரைக்கும் இந்த வாரியத்தால ஒரு செடிக்காவது ஒரு பிரயோஜனம் உண்டான்னு யாராவது காட்டட்டும் பாப்போம். கிடையாது. அவ்வளவு தன்னலமில்லாத சேவை."

ஆலோசகர் அம்மாள் கைதட்டினார்.

நடுவில் சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். ஆளுக்கொரு தட்டில் நறுக்கிய பச்சைக் கீரைத்தண்டும் வெள்ளரியும் கோஸும் வந்தன. மொட்டு வெட்டியதற்காகக் குற்றவாளியாக உட்கார்ந்திருந்தவர், எதிரே மூவரும் இலையை மென்றுகொண்டிருப்பதை வாய் பிளந்து பார்த்தார். அவர் பார்வையைக் கவனித்த ஆலோசகர் அம்மாள், தட்டுக்கு வந்துவிட்டால் அது உணவுத் துறையின் கீழ் வரும், தங்கள் வரம்புக்குள் வராது என்று பொறுமையாக விளக்கினார். இயக்குநர் கடைசியில் ஒரு வாழைப்பழத்தை உரித்தார்.

"இதுல டோபமின் நெறைய," என்றார். "ரொம்ப சந்தோஷமான பழம். சந்தோஷமா இருக்கறதச் சாப்பிட்டா பாவமில்ல."

தோலைத் தட்டில் போட்டுவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார். மரத்தின் நிலைமை மோசமாகிக்கொண்டே போவதால் இனி வாரம் ஒரு முறை பார்ப்பது போதாது. தீவிரக் கண்காணிப்பு, அதாவது தினமும் இலை எடுக்கப்படும். நாற்றுக்காரர் எழுந்து கைகூப்பினார். "ஐயா, விட்டுடுங்கய்யா. அது செத்துப்போயிடும்," என்றார். அவர் குரல் உடைந்துவிட்டது. இயக்குநருக்கும் கண் கலங்கியது. "பாத்தீங்களா, வாரியத்தோட வேலை இதுதான். உங்க மனசும் இளகிடுச்சு," என்று சொல்லி அதையும் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் மைத்துனன் செய்தித்தாளோடு முக்காலியில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து மனைவி கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். காய் நறுக்குகிற கத்தியால் ஒரு மொட்டை வெட்டினாள். அதை ஒரு காட்டு எலுமிச்சைக் கன்றின் தண்டில் செருகி, பாலித்தீன் நாடாவால் சுற்றினாள். கணவர் கட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கைதான், ஆனாலும் முடிச்சு அசிங்கமாக வந்தது. கன்றை ஒரு மண்தொட்டியில் வைத்துச் சமையலறை ஜன்னலுக்குக் கொண்டுபோய்விட்டாள். கணவரிடம்கூட அது பச்சை பிடித்த பிறகுதான் சொன்னாள். அவர் ஜன்னல் முன்னால் நின்று அழுதார்.

வெளியே மரம் மொட்டையாகிக்கொண்டிருந்தது. இலை தீர்ந்ததும் கிள்ளி இளங்குச்சிகளை ஒடித்தார். குச்சி தீர்ந்ததும் பட்டையைச் சுரண்டினார். ஒருநாள் எண் ஏறவில்லை. மறுநாள் குறைந்தது. குறைந்துகொண்டே வந்து ஒரு காலையில் இயந்திரம் பூஜ்யம் காட்டியது. கிள்ளி இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தார், இன்னொரு இடத்தில் சுரண்டிப் பார்த்தார். அங்கேயும் பூஜ்யம்தான். காய்ந்த விறகிலிருந்து என்ன கசியும்? ஆனால் கிள்ளி இயக்குநருக்குத் தொலைபேசியில் சொன்னார், "சார், துயரம் சுத்தமாப் போயிடுச்சு சார்."

வாரியத்தின் வரலாற்றில் முழு மன அமைதி அடைந்த முதல் மரம் அது. விழா எடுக்காமல் இருப்பார்களா? நாற்றங்காலில் பந்தல் போட்டார்கள். செத்த மரத்துக்கு நீல ரிப்பன் கட்டினார்கள். தண்டில் சான்றிதழை ஆணி வைத்து அடித்தார்கள். அமைதியடைந்த மரத்துக்கு ஆணி வலிக்காதாம். இயக்குநர் பேசினார்.

"இந்த மரம் எங்ககிட்ட வந்தப்போ இலையெல்லாம் இருந்துச்சு. பாக்கறதுக்கு நல்லா இருந்துச்சு. ஆனா உள்ள? நாப்பது முனகல். இன்னைக்கு இலை இல்ல, காய் இல்ல, வளர்ச்சி இல்ல, எந்தத் தேவையும் இல்ல. இதுதான் அமைதி. நாடு முழுக்க ஒவ்வொரு மரத்தையும் இந்த நிலைக்குக் கொண்டுவர்றதுதான் எங்க லட்சியம். எங்களால முடியும்."

அதை நம்பலாம் என்று நாற்றுக்காரருக்குத் தோன்றியது. அவரைப் பெரிய மனதோடு மன்னித்து, தோளில் ஒரு சால்வையைப் போட்டார்கள். அவர் அந்தக் கூட்டத்தை, ஒவ்வொரு முகமாக, வயிறெரியப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் நாசமாய்ப் போக வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். ஜன்னலில் அந்த ஒன்று மட்டும் இருக்கிறது, இவர்கள் போய்த் தொலைந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

போகவில்லை. வெயிலில் பேசியதால் இயக்குநருக்குத் தாகம். தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் வந்தார், பின்னாலேயே கிள்ளியும் ஆலோசகர் அம்மாளும் வந்தார்கள். ஜன்னலில் இருந்த தொட்டியைக் கிள்ளிதான் முதலில் பார்த்தார். நாலைந்து இலை விட்டு, பளபளவென்று நின்றது. பழக்க தோஷம், அவர் கை தானாகச் சட்டைப்பையிலிருந்த இடுக்கியைத் தேடியது.

"அது பிளாஸ்டிக்குங்க," என்றாள் மனைவி.

கிள்ளியின் கை நின்றது. இயக்குநர் கிட்டே வந்து குனிந்தார். இலையைத் தடவினார், விரலால் சுண்டினார், கட்டியிருந்த நாடாவை உற்றுப் பார்த்தார். நாற்றுக்காரருக்கு மூச்சே நின்றுவிட்டது.

"ஆமா, ஒட்டின எடம் தெரியுது பாருங்க," என்றார் இயக்குநர். "இங்க மட்டும்தான் கொஞ்சம் அசிங்கமா முடிச்சிருக்கான். மத்தபடி அச்சு அசல். நானே ஒரு நிமிஷம் ஏமாந்திருப்பேன்." ஆலோசகர் அம்மாள் இலையை முகர்ந்து பார்த்து, வாசனைகூடப் போட்டிருக்கிறார்கள் என்று வியந்தார்.

நாற்றுக்காரர் மெல்ல மூச்சு விட்டார். விட்ட மூச்சு முடிவதற்குள் இயக்குநர் தொட்டியைத் தூக்கிக் கிள்ளியின் கையில் கொடுத்துவிட்டார்.

"விழா ஞாபகார்த்தமா இத என் மேசையில வச்சுக்கறேன். எங்க ஆபீசுக்கு இதுதான் பொருத்தம். மனசும் கெடையாது, துயரமும் கெடையாது. உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உயிருள்ளது என்று சொன்னால் இங்கேயே இடுக்கி வெளியே வரும், திருட்டுத்தனமாக மொட்டு வெட்டிய குற்றத்துக்கு வீட்டுக்காரியும் உள்ளே போவாள். சொல்லாவிட்டால் கன்று கண் முன்னாலேயே கைவிட்டுப் போகும். மனைவி வாயைத் திறந்தாள். நாற்றுக்காரர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

"எடுத்துக்குங்க ஐயா," என்றார்.

அன்று முதல் எல்லா நம்பிக்கையும் மைத்துனன் மேல்தான். அக்கா அவனோடு மறுபடி பேச ஆரம்பித்தாள், காலில் விழாத குறையாகக் கேட்டாள். அவனுக்கும் குற்ற உணர்ச்சி இருந்தது. மேசை துடைக்கிற சாக்கில் தினமும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினான். தொட்டியிலிருந்து கசிந்து ஒரு கோப்பு நனைந்துவிட்டது. பிளாஸ்டிக்குக்கு எந்த மடையனாவது தண்ணீர் ஊற்றுவானா என்று இயக்குநர் எல்லார் முன்னாலும் அவனைக் கிழித்தார். மண்ணைக் கொட்டிவிட்டு வெள்ளைக் கூழாங்கல் நிரப்பச் சொன்னார். மண்ணை உதறினபோது வேர் தெரிந்தது. வேரைக்கூட விடாமல் செய்திருக்கிறானே, என்ன தொழில்நுட்பம் என்று அலுவலகமே கூடி நின்று பார்த்ததாம். ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றால் தொட்டியில் அலுவலகச் சொத்து என்று முத்திரை குத்தி, மேசையோடு சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்கிவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் அவன் அலுவலகத்திலிருந்து போன் செய்தான். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"மாமா, ரெண்டு இலை விழுந்துருச்சு. மிச்சமும் சுருண்டுருச்சு."

நாற்றுக்காரர் ரிப்பன் கட்டிய விறகைப் பார்த்துக்கொண்டு நின்றார். "டைரக்டர் பாத்தாரா?"

"பாத்தார். வெளியூர்லேருந்து வந்த அதிகாரிங்ககிட்டக் காட்டி, இலை உதிர்ற மாதிரியே செஞ்சிருக்கான் பாருங்கன்னு சொன்னார். எல்லாரும் கை தட்டினாங்க." அவன் குரலை இன்னும் தாழ்த்தினான். "அவங்க போனப்புறம் அந்த ரெண்டு இலையையும் எங்கிட்டக் குடுத்து, இருந்த எடத்துலயே திருப்பி ஒட்டி வைக்கச் சொல்லிட்டார் மாமா. எந்தப் பசை போட்டா நல்லா நிக்கும்னு உங்ககிட்டக் கேக்கச் சொன்னார்."